ஜக்ளிங்: விழும் பந்துக்குப் பொறுப்பு எறிந்த கை

மூன்று பந்தை வைத்து ஜக்ளிங் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: "பிடிக்க முடியலை." பந்து கையில் படாமல் போவதால் பழி பிடிக்கும் கைமேல் விழுகிறது. முக்கால் விநாடிக்கு முன் எதிர்க்கை என்ன செய்தது என்று பாருங்கள். நெற்றி வரை எழும்ப வேண்டிய பந்து மூக்கோடு நின்றிருக்கும், இல்லையென்றால் ஒரு அடி முன்னால் போயிருக்கும். சரியான உயரத்தில், சரியான இடத்தில் உச்சி தொட்ட பந்தைப் பிடிக்கக் கண்கூடத் தேவையில்லை. அது கையைத் தேடி வந்து விழும். அதனால் இந்தப் பதிவு முழுக்க எறிவதைப் பற்றித்தான். பிடிப்பதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை.

முதலில் பந்து. டென்னிஸ் பந்து வேண்டாம். 57 கிராம்தான் இருக்கும், கையில் விழுந்ததும் துள்ளும், தரையில் விழுந்தால் கட்டிலுக்கு அடியில் ஓடும். பழகுவதற்கு 65 மில்லிமீட்டர் விட்டம், 110 முதல் 130 கிராம் எடை, விழுந்த இடத்திலேயே தொப்பென்று உட்காரும் தானியப் பந்துதான் நல்லது. வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரு பந்துக்கு நூறு கிராம் கேழ்வரகு போதும். சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி டேப் ஒட்டி உருட்டிக்கொள்ளுங்கள். பலூனின் கழுத்தை வெட்டிவிட்டு மேலே இழுத்து மாட்டுங்கள். முதல் பலூனின் வாய் இருக்கும் பக்கத்தை இரண்டாவது பலூன் மூட வேண்டும். மூன்றாவது போட்டால் நீண்ட நாள் உழைக்கும். தானியத்தை ஒரு நாள் வெயிலில் காய வைக்காமல் உள்ளே அடைத்தால் மழைக்காலத்தில் வண்டு வரும். மூன்று பந்தும் மூன்று நிறத்தில் இருக்கட்டும். ஏன் என்று பின்னால் மில்ஸ் மெஸ் என்ற அமைப்புக்கு வரும்போது புரியும்.

இனி எறிதல். முழங்கை உடம்பை ஒட்டியும் ஒட்டாமலும், முன்கை தரைக்கு இணையாக, உள்ளங்கை மேல்நோக்கி. பந்து விரல்நுனியில் இருக்கக் கூடாது. உள்ளங்கையின் நடுவில், நடுவிரலும் மோதிரவிரலும் சேரும் இடத்தில் உட்கார வேண்டும். மணிக்கட்டைச் சொடுக்கி எறிந்தால் பந்து சுழலும், திசையும் மாறும். முழங்கையிலிருந்து கை எழ வேண்டும்; மணிக்கட்டு சும்மா கூடப் போகும், அவ்வளவுதான்.

கையின் பாதை ஒரு சின்ன அரைவட்டம். தோளுக்கு நேராக வெளிப்பக்கம் பிடித்த பந்தை, சொம்பால் தண்ணீர் மொள்வது போலத் தாழ்த்தி, தொப்புள் பக்கமாகக் கொண்டுவந்து, உள்ளே விட வேண்டும். விடும் இடத்துக்கும் பிடிக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும். இந்த ஒரு சாண் இல்லாததால்தான் புதியவர்களின் பந்துகள் நடுவழியில் முட்டிக்கொள்கின்றன. பிடித்த இடத்திலிருந்தே திருப்பி எறிந்தால், வருகிற பந்தும் போகிற பந்தும் ஒரே பாதையில் எதிரெதிராகத்தானே வரும்?

உயரம்: கையிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர், அதாவது கண்ணுக்கும் நெற்றிக்கும் இடையே. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 60 சென்டிமீட்டர் எழும்பும் பந்து காற்றில் 0.7 விநாடி இருக்கும். தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் ஜக்ளிங்கிலும் பைத்தியமாக இருந்தவர். அவர் எழுதிய விதி இது: பந்து காற்றில் இருக்கும் நேரத்தையும் கையில் தங்கும் நேரத்தையும் கூட்டி, கைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். கை காலியாக இருக்கும் நேரத்தையும் பந்து கையில் தங்கும் நேரத்தையும் கூட்டி, பந்துகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இரண்டும் சமமாக இருக்கும். பந்து கையில் 0.35 விநாடி, கை காலியாக 0.35 விநாடி என்று வைத்தால், மூன்று பந்துக்கு இரு பக்கமும் 2.1 வருகிறது. ஆக, பாதி நேரம் உங்கள் கை வெறுங்கை. 0.35 விநாடிக்கு ஒரு எறி என்பது நிதானமான கைத்தட்டல் வேகம்தான். அவசரப்பட எதுவுமே இல்லை. ஆனால் உயரத்தை 30 சென்டிமீட்டராகக் குறைத்தால் காற்றில் இருக்கும் நேரம் அரை விநாடிக்கு இறங்கி, எறிக்கு எறி கால் விநாடிதான் மிஞ்சும். பதற்றத்தில் தாழ்த்தி எறிகிறவர் மேலும் பதறுவது இதனால்தான். தடுமாறினால் உயர்த்துங்கள்.

கேஸ்கேட் என்பது எல்லாப் பந்தும் ஒரே உயரத்தில் மாறி மாறி எதிர்க்கைக்குப் போகும் அடிப்படை அமைப்பு. அதை இங்கே நீட்டி எழுதவில்லை. ஒரு பந்து இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு, ஒரே உயரத்தில். பிறகு இரண்டு பந்து: முதலாவது உச்சிக்கு வந்ததும் இரண்டாவதை எறி. இரண்டாவதை எறியாமல் பக்கவாட்டில் கைமாற்றிவிடும் பழக்கம் இங்கேதான் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் கூழாங்கல்லையோ எலுமிச்சையையோ வைத்து, வலக்கையால் மேலே போட்டு இடக்கையால் தாழ்வாகத் தள்ளிவிட்டு வட்டமாகச் சுற்றியிருந்தால், இந்தக் கைமாற்றல் இன்னும் பலமாக ஒட்டியிருக்கும். அதைப் போக்க இடக்கையிலிருந்து தொடங்குங்கள். மூன்றாவது பந்து வந்தபின் முதல் இலக்கு மூன்றே எறி, மூன்றே பிடி, நிறுத்தம். அதற்கு ஃபிளாஷ் என்று பெயர். நின்று நிதானித்து மூன்று, பிறகு நான்கு, ஐந்து. தொடர்ந்து ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

பந்து முன்னால் முன்னால் போய், அதைத் துரத்தி நீங்களும் நடப்பது எல்லோருக்கும் வரும் கோளாறு. பந்தை விட்ட பிறகும் கை முன்னால் நீண்டுகொண்டிருப்பதுதான் காரணம். சுவரைப் பார்த்து ஒரு அடி தள்ளி நின்றால் கை தானாக அடங்கும். கட்டிலை ஒட்டி நின்றால் குனிந்து பொறுக்குகிற வேலையும் மிச்சம்.

பாதையை மாற்றினால்

கேஸ்கேடில் ஒவ்வொரு பந்தும் வருகிற பந்துக்கு அடியில் புகுந்து போகிறது. அதே தாளம், அதே வரிசை; ஆனால் பந்தை மேலாக அனுப்பினால் ரிவர்ஸ் கேஸ்கேட். கை வெளியே எறிந்து, உள்ளே பிடிக்கும். நேரடியாக இதற்குள் குதிக்க வேண்டாம். ஒரு நிறப் பந்தை மட்டும், அது வலக்கைக்கு வரும்போதெல்லாம் மேலாக எறியுங்கள். பிறகு அதே பந்தை இரண்டு கையாலும் மேலாக. நடுவில் வலை கட்டியது போல ஒரு பந்து மட்டும் இப்படியும் அப்படியும் தாவும். இதற்கு டென்னிஸ் என்று பெயர். வலக்கை எப்போதும் மேலாக, இடக்கை எப்போதும் அடியாக என்றால் ஹாஃப் ஷவர். இரண்டு கையும் மேலாக வந்துவிட்டால் ரிவர்ஸ் கேஸ்கேட் முடிந்தது.

இதில் வரும் தவறு, மேலாக எறிய வேண்டும் என்றதும் உயரமாக எறிவது. உயரம் கூடவே கூடாது. உச்சியின் இடம்தான் மாறுகிறது. உயரம் கூடினால் தாளம் இழுபடும், அடுத்த கை காத்திருக்கும், அதன் பிறகு எல்லாம் குளறுபடி.

வரிசையை மாற்றினால்

இங்கேதான் ஜக்ளிங் உண்மையில் விரிகிறது. 1980களில் கலிஃபோர்னியாவிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும், ஒருவரை ஒருவர் அறியாமல் சிலர் எறிகளுக்கு எண் கொடுத்து எழுதும் முறையைக் கண்டுபிடித்தார்கள். சைட்ஸ்வாப் என்பது அதன் பெயர். எண்ணின் பொருள் எளிது: இப்போது எறியும் பந்து எத்தனை தட்டு (தாளத்தின் ஒரு அடி) கழித்து மறுபடி எறியப்படும்? இடம் வலம் இடம் வலம் என்று கைகள் மாறி மாறி எறிவதால், ஒற்றைப்படை எண் எதிர்க்கைக்குப் போகும், இரட்டைப்படை எண் எறிந்த கைக்கே திரும்பும். 3 என்பது கேஸ்கேட் எறி. 4 நேராக மேலே போய் அதே கைக்கு. 5 உயரமாக எதிர்க்கைக்கு. 2 என்றால் பந்தைக் கையிலேயே வைத்திருப்பது. 1 என்றால் நேராகக் கைமாற்றுவது. 0 என்றால் வெறுங்கை.

எண்களின் சராசரிதான் பந்துகளின் எண்ணிக்கை. 441 என்றால் 4, 4, 1 என்ற மூன்று எறி; கூட்டினால் 9, மூன்றால் வகுத்தால் 3 பந்து. ஆனால் சராசரி முழு எண்ணாக வந்தால் மட்டும் போதாது. 432-க்கும் சராசரி 3தான், செய்ய முடியாது. தட்டுகளை 0, 1, 2 என்று எண்ணிப் பாருங்கள். 0-இல் எறிந்த 4, நான்காம் தட்டில் வரும். 1-இல் எறிந்த 3-உம் நான்கில். 2-இல் எறிந்த 2-உம் நான்கில். மூன்று பந்தும் ஒரே கையில் ஒரே நொடியில் வந்து விழும். அதே எண்களை 423 என்று மாற்றி அடுக்கினால் 4, 3, 5 ஆகிய தட்டுகளில் வரும். மூன்றால் வகுத்தால் மீதி 1, 0, 2 என்று வெவ்வேறு. மோதல் இல்லை. மீதி ஒன்றாக வந்தால் பந்து முட்டும், வேறு வேறாக வந்தால் ஓடும், பரிசோதனை இவ்வளவுதான்.

எண்ணை வாயால் "நாலு, ரெண்டு, மூணு" என்று சொல்லிப் பழகாதீர்கள். நாக்கு தடுக்கும், தாளம் போகும். நமக்குத்தான் சொற்கட்டு இருக்கிறதே. மூன்று எண் அமைப்புகளுக்குத் தகிட, நான்கு எண்ணுக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தட்டு. மூன்று ஒற்றைப்படை என்பதால் முதல் தகிட வலக்கையில் தொடங்கினால் அடுத்த தகிட இடக்கையில் தொடங்கும். இரண்டு கையும் சமமாகப் பழகுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

423: 'த' வலக்கை நேராக மேலே, 'கி' இடக்கை சும்மா வைத்திருக்கும், 'ட' வலக்கை குறுக்கே. அடுத்து இடக்கை நேராக மேலே, வலக்கை வைத்திருக்கும், இடக்கை குறுக்கே. வரிசை மாற்றத்தில் இதுதான் மிக எளிது. நடுவில் ஒரு தட்டு ஓய்வு கிடைக்கிறது. அந்த ஓய்வை மதிக்காமல் 'கி'-யில் கை தானாக எறிந்துவிடும். கேஸ்கேட் பழகிய கைக்கு அதுதான் பிரச்சினை.

441: வலக்கை மேலே, இடக்கை மேலே, வலக்கையில் மிச்சமிருக்கும் பந்து நேராக இடக்கைக்கு. பிறகு இடக்கை மேலே, வலக்கை மேலே, இடக்கையிலிருந்து வலக்கைக்கு. தொடங்கும்போது வலக்கையில் இரண்டு பந்து. கேஸ்கேட் பழக்கத்தால் இரண்டு 4-களும் உள்ளே சாயும், சாய்ந்தால் முட்டும். தோளுக்கு நேராக, கொஞ்சம் வெளியே சாய்ந்தாலும் பரவாயில்லை. கைமாற்றும் பந்து வளைந்து எழக் கூடாது, வயிற்று மட்டத்தில் நேர்கோட்டில் போக வேண்டும். எழும்பினால் தாமதமாகும், அடுத்த 4 பிந்தும்.

531: வலக்கை உயரமாகக் குறுக்கே, இடக்கை சாதாரணமாகக் குறுக்கே, வலக்கை கைமாற்றல். மறுபடி இடக்கையிலிருந்து. பார்க்க மிக அழகு. மூன்று பந்தும் மூன்று உயரத்தில் நிற்கும். இதில் உயர வித்தியாசம் போதாமல்தான் எல்லோரும் விழுகிறார்கள். அதனால் உயரத்தைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம்.

பந்து கையில் ஒரு தட்டு நேரம் தங்குவதாக வைத்தால், 3 காற்றில் இரண்டு தட்டு இருக்கும், 4 மூன்று தட்டு, 5 நான்கு தட்டு. உயரமோ நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது 4:9:16. தாளத்தின் வேகம் மாறாவிட்டால் 5 எறி, 3 எறியைப் போல நான்கு மடங்கு உயரம். 3-ஐ 60 சென்டிமீட்டருக்கு எறிகிறவர் 5-ஐ 2.4 மீட்டருக்கு எறிய வேண்டும். கை தரையிலிருந்து ஒரு மீட்டர் என்றால் பந்து 3.4 மீட்டருக்குப் போகும். நம் வீட்டுக் கூரை பத்தடி, நடுவில் ஃபேன் வேறு. ஆகவே 531-இல் 3-ஐ 30 சென்டிமீட்டருக்குக் குறைத்து, 5-ஐ 1.2 மீட்டருக்கு அனுப்புங்கள். தலைக்கு மேல் ஓரிரு சாண். ஃபேனை எப்படியும் அணைத்துவிடுங்கள்.

இதே கணக்குதான் ஷவர் ஏன் கடினம் என்பதையும் சொல்கிறது. ஷவர் என்பது 51. வலக்கை 5, இடக்கை 1, மாறாமல். ஜக்ளிங் என்றதும் பலர் மனதில் வரும் வட்டம் இதுதான். தென் பசிபிக்கில் டோங்கா தீவுப் பெண்கள் ஹிக்கோ என்ற பெயரில் காலங்காலமாக எலுமிச்சையையும் கொட்டைகளையும் வைத்து இப்படித்தான் ஆடுகிறார்கள். ஆனால் மூன்று பந்து ஷவரில் ஒவ்வொரு உயர எறியும் ஐந்து பந்து கேஸ்கேடின் எறி. முதலில் கற்கத் தகுந்ததல்ல. 441-இல் கைமாற்றலும் 531-இல் உயர எறியும் படிந்தபின் எடுத்தால் சுலபமாக வரும். இடக்கைக்கும் அதே அளவு நேரம் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்க ஜக்ளர் ஆகிவிடுவீர்கள்.

பாக்ஸ் என்ற அமைப்பில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் இயங்கும். வலக்கை நேராக மேலே எறியும் அதே கணம் இடக்கை தன் பந்தை வலக்கைக்குத் தட்டையாகத் தள்ளும். அடுத்த கணம் இது தலைகீழ். இரண்டு பந்து இரு தூண்களாக ஏறி இறங்க, மூன்றாவது அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கை முந்தினால் கட்டடம் சரிந்துவிடும்.

மில்ஸ் மெஸ்

1970களில் ஸ்டீவ் மில்ஸ் என்ற அமெரிக்க ஜக்ளர் பிரபலமாக்கியது. பார்ப்பவருக்கு முடிச்சு போலத் தெரியும். எண்ணில் எழுதினால் வெறும் 3, கேஸ்கேடேதான். எறியும் கைகள் குறுக்காகி விலகி மறுபடி குறுக்காவதால் மட்டுமே இந்தக் குழப்பம். ஒரு முழுச் சுற்றுக்கு ஆறு எறி: வலக்கை மேலே இருக்கும் குறுக்கில் தொடங்கி மூன்று, இடக்கை மேலே இருக்கும் குறுக்கில் தொடங்கி மூன்று. இரண்டு தகிட.

மூன்று நிறம் இங்கேதான் உதவும். 3 என்பதால் ஒவ்வொரு பந்தும் மூன்று தட்டுக்கு ஒருமுறை எறியப்படுகிறது. அதனால் சிவப்புப் பந்து எப்போதும் 'த'-வில்தான், மஞ்சள் எப்போதும் 'கி'-யில், பச்சை எப்போதும் 'ட'-வில். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பாதை, அது மாறவே மாறாது. சிவப்பு, குறுக்கில் மேலே இருக்கும் கையால் எறியப்படுவது. மஞ்சள், அடியில் இருக்கும் கையால். பச்சை, கைகள் பிரிந்திருக்கும் நேரத்தில்.

முதலில் பந்தில்லாமல் கையை மட்டும் ஆட்டுங்கள். வலக்கை மேல், விலகு, இடக்கை மேல், விலகு. அடுத்து சிவப்பு மட்டும். வலக்கை மேலாகக் குறுக்கே போய் உடம்பின் இடப்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து வலப்பக்கமாகப் பெரிய வளைவில் எறியுங்கள். கைகள் விலகி, இடக்கை இப்போது மேலாகக் குறுக்கே வலப்பக்கம் போய் அதைப் பிடிக்கும். அங்கிருந்து திரும்ப இடப்பக்கம். இந்த ஒரு பந்து தூக்கத்திலும் வரும் அளவுக்குப் பழகிய பின்தான் மஞ்சள், கடைசியில் பச்சை.

மில்ஸ் மெஸ் பாதியில் கேஸ்கேடாகக் கரைந்துபோவதுதான் பலரது குறை. சிவப்பு போதுமான அகலத்துக்குப் போவதில்லை என்பதே அதன் காரணம். நடுவில் உச்சி தொட்டால், இடக்கை குறுக்கே போக நேரமோ தேவையோ இருக்காது. கை நடுவிலேயே பிடித்துவிடும். சிவப்பின் உச்சி எறியும் பக்கத்தைத் தாண்டி அடுத்த தோளை நோக்கி இருக்கட்டும். இன்னொன்று, முழங்கை. கையைக் குறுக்காக்கும்போது முழங்கைகளை மடக்கி நெஞ்சோடு ஒட்டினால் அடிக்கை எறிய இடமே இருக்காது. அடிக்கைக்கும் மேற்கைக்கும் நடுவே ஒரு பந்து புகுந்து போகும் இடம் வேண்டும்.

காலுக்கு அடியில் எறிவது, முதுகுக்குப் பின்னால் எறிவது எல்லாம் இதோடு ஒப்பிட்டால் எளிமை. விதி ஒன்றுதான்: அந்த எறிக்கு முந்தைய எறியைக் கொஞ்சம் உயர்த்தி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். 55500 கூட அப்படியொரு நேரம் வாங்கும் வேலைதான். மூன்று பந்தையும் உயர எறிந்துவிட்டால் இரண்டு தட்டு வெறுங்கை. கைதட்டலாம், சுற்றிக்கூட வரலாம்.

நான்கு பந்து என்பது கேஸ்கேட் அல்ல. நான்கு இரட்டைப்படை, பந்து எறிந்த கைக்கே திரும்பும். ஆக ஒவ்வொரு கையும் தனித்தனியாக இரண்டு பந்தை ஓட்டுகிறது. உள்ளே எறிந்து வெளியே பிடிக்கும் சின்ன வட்டம். இடக்கையில் மட்டும் இரண்டு பந்தை ஐம்பது பிடி நிறுத்தாமல் ஓட்ட முடியாதவர் நான்கைத் தொடுவது வீண் வேலை.

ஐந்துக்கு மறுபடி கேஸ்கேட். கால் விநாடிக்கு ஓர் எறி, உயரம் ஏறக்குறைய 1.2 மீட்டர். நேராக ஐந்தை எடுக்காமல் நான்கு பந்தில் 55550-இலிருந்து வாருங்கள்: தகதகி-யில் நான்கு உயர எறி, 'ட'-வில் வெறுங்கை. அந்த வெறுங்கைத் தட்டுதான் ஐந்தாம் பந்து வந்து உட்காரப் போகும் இடம். அங்கே கை அவசரப்பட்டு அடுத்த எறிக்குத் தாவாமல் இருக்கிறதா, நான்கு உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு ஐந்து பந்து, ஐந்து எறி, ஐந்து பிடி, நிறுத்தம். ஜக்ளர்கள் வழக்கத்தில் பத்துப் பிடி வந்தால்தான் ஐந்து பந்து செய்ததாகக் கணக்கு.